சுடுதண்ணீருக்கும் ஒரு நேரசூசி வேண்டும்



சம்பளம், வீடு, காணி என்று இந்தப் பக்கத்தில் நாம் வழமையாக எழுதுவதைப் படித்துப் பழகியவர்களுக்கு, இம்மாதத் தலையங்கம் சுடுதண்ணீரைப் பற்றியது என்றால் சிரிப்பு வரலாம். ஆனால் றக்வான, சூரியகந்தை, மாதம்பை, கொடக்கவெலைப் பக்கத்துத் தோட்டங்களில் எந்த லயத்துக்குப் போனாலும் விடியற்காலை நான்கு மணிக்கு முதலில் எரிவது விளக்கல்ல, அடுப்பு. அந்த அடுப்பில் முதலில் ஏறுவது சோற்றுப் பானையும் அல்ல, சுடுதண்ணீர்ப் பானை. அதை ஏற்றுகிறவர் அநேகமாக வீட்டின் தாய். ஏழு மணிக்குள் பிரட்டில் நிற்கவேண்டியவரும் அவரே.

பிரட்டிலிருந்து மாலையில் கொழுந்து நிறுக்கும்வரைதான் நிர்வாகம் வேலைநாள் என்று கணக்கெடுக்கிறது. அதற்கு முன் விறகு உடைத்து, பீலியிலிருந்து தண்ணீர் சுமந்து, புகையில் கண் எரிய அடுப்பூதிய நேரம் யாருடைய செக்ரோலிலும் ஏறுவதில்லை. சங்கக் கூட்டங்களில் நாமும் அதைப் பேசுவதில்லை. அது பெண்களின் வீட்டுவேலை, அதற்கும் சங்கத்துக்கும் என்ன என்று விட்டுவிடுகிறோம். உழைப்பு எங்கே நடந்தாலும் உழைப்புத்தான். அதைக் குறைக்க வழியிருந்தால் அதைச் சொல்வதும் சங்கத்தின் வேலைதான்.

நாம் சொல்லவருவது இது. சுடுதண்ணீர் எப்போது வேண்டும், எவ்வளவு வேண்டும், எந்தச் சூட்டில் வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் இருந்து ஒருமுறை பேசி ஒரு நேரசூசி போட்டுக்கொண்டால் விறகு மிஞ்சும், மின்சாரக் கட்டணம் குறையும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெண்ணுக்கு அரை மணி நேர உறக்கம் கிடைக்கும். வீட்டுக்குள் செய்ய முடியாத மிச்சத்தை நிர்வாகத்திடமும் அரசிடமும் கேட்டு வாங்கவேண்டும்.

கொதிக்க வேண்டிய தண்ணீர் எது?

ஒரு வீட்டில் சுடுதண்ணீர் இரண்டு வகை. ஒன்று, கொதித்தே ஆகவேண்டியது: குடிக்கிற தண்ணீர், பால்மா கரைக்கிற தண்ணீர், தேத்தண்ணிக்கு வைக்கிற தண்ணீர். மற்றது, சூடாக இருந்தால் போதுமானது: குளிக்க, முகம் கழுவ, குழந்தையைத் துடைக்க, எண்ணெய்ப் பாத்திரம் கழுவ.

முதல் வகையில் சிக்கனம் பார்க்கக்கூடாது. நம் தோட்டங்களில் பெரும்பாலும் ஊற்றுத் தண்ணீரும் ஓடைத் தண்ணீரும்தான். மழை பெய்தால் அது கலங்கும். வயிற்றோட்டமும் செங்கண்மாரியும் அந்தத் தண்ணீரோடுதான் வருகின்றன. குடிக்கிற தண்ணீர் தளதளவென்று கொதித்துக் குமிழி விடவேண்டும். ஆனால் அப்படிக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் போதும். பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று கொதிக்க விடுவதால் தண்ணீர் மேலும் சுத்தமாவதில்லை, விறகுதான் எரிகிறது. இறக்கியதும் மூடிவைத்து, அதே பாத்திரத்தில் ஆறவிட்டுக் குடிக்கலாம்.

இரண்டாவது வகையில்தான் அதிக விறகு வீணாகிறது. குளிக்கிற தண்ணீர் உடம்புச் சூட்டுக்குச் சற்று மேலே, 38 பாகை இருந்தால் போதும். நம் பீலித் தண்ணீர் சாதாரணமாக 22 பாகை அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு பங்கு கொதிநீரோடு நான்கு பங்கு பச்சைத் தண்ணீர் சேர்த்தால் குளிக்கும் பதம் வந்துவிடும். சூரியகந்தைப் பக்கம் உயரத்தில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்கும், அங்கே மூன்று பங்கு. ஆகவே ஒருவர் குளிக்கப் பதினைந்து லீற்றர் வாளி நிறையக் கொதிக்க வைக்கத் தேவையில்லை. மூன்று லீற்றர் கொதிக்க வைத்துக் கலந்தால் அதே வாளி நிறையும். கலக்கும்போது பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, கொதிநீரைப் பிறகு ஊற்றுங்கள். வெறும் கொதிநீர் இருக்கும் வாளிக்குள் குழந்தை கை விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மின்சாரத்தில் நேரமா, அலகா?

கேத்தல் வாங்கிய வீடுகள் இப்போது பல. விடிய அடுப்பூதுவதைவிட அது எவ்வளவோ மேல். யாரும் அதைக் கைவிடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதன் கணக்கை எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டும்.

வெளிநாடுகளில் இரவு மின்சாரம் மலிவு. பிரான்சிலும் பிரித்தானியாவிலும் பல வீடுகளில் பெரிய தாங்கி ஒன்றில் நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர் சூடாகி, விடிந்ததும் பாவனைக்கு வரும். நம் நாட்டிலும் வீடுகளுக்கு நேரத்துக்கு ஏற்ற கட்டணமுறை ஒன்று உண்டு. அதில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை விலை அதிகம், இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைவு. ஆனால் அது விரும்பி விண்ணப்பித்து மாறுகிறவர்களுக்கு, அதிக மின்சாரம் பாவிக்கும் வீடுகளுக்குப் பொருந்துவது. லயத்து வீடுகளுக்கு வரும் சாதாரணக் கட்டணத்தில் மணிக்கூடு பார்ப்பதில்லை. காலை நான்கு மணிக்குக் கேத்தல் போட்டாலும் இரவு எட்டு மணிக்குப் போட்டாலும் ஒரே விலைதான். அங்கே பார்ப்பது மாதத்துக்கு மொத்தம் எத்தனை அலகு என்பதை மட்டுமே.

அந்த மொத்தத்தில் 60 அலகு ஒரு பெரிய எல்லை. 60 வரை பாவிக்கும் வீட்டுக்கு முதல் 30 அலகுக்கு ஒரு குறைந்த விலை, அடுத்த 30 அலகுக்கு இன்னொரு விலை. 60ஐத் தாண்டினால் தாண்டிய அலகுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் அலகிலிருந்தே வேறு, உயர்ந்த விலைப்பட்டியலுக்கு அந்த வீடு மாறுகிறது. மாத நிலையான கட்டணமும் கூடுகிறது. 61ஆவது அலகுக்கு ஒரு வீடு கொடுக்கும் உண்மையான விலை இதுதான். பில்லில் இந்த மாதம் ஏன் இவ்வளவு என்று கேட்டு நம்மிடம் வருகிறவர்களில் பலருக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இனிக் கேத்தலின் பங்கைப் பார்ப்போம். ஒன்றரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய 0.15 அலகு செலவாகும். நாளைக்கு நான்கு முறை நிறைத்துக் கொதிக்க வைத்தால் 0.6 அலகு, மாதத்துக்கு 18 அலகு. 60இல் 18 என்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. விளக்கு, தொலைக்காட்சி, ரைஸ் குக்கர், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் சேர்ந்து 48 அலகு எடுக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கேத்தலோடு 66. எல்லையைத் தாண்டியாகிவிட்டது. அந்த வீடு கேத்தலை நான்கு முறைக்குப் பதில் இரண்டு முறை போட்டு, மிச்சச் சூட்டை ஃபிளாஸ்க்கில் பிடித்துவைத்தால் 57. பட்டியலே மாறிவிடும். ஆறு பேருக்கு நிறைத்துக் கொதிக்க வைத்து இரண்டு பேர் மட்டும் குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதே தண்ணீரை மறுபடி கொதிக்க வைக்கிறோமே, அந்த ஒரு பழக்கத்தை விட்டாலே இது முடியும்.

மாதத்தின் நடுவில் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். வீட்டில் ஐந்தாம் ஆண்டுக்கு மேல் படிக்கும் பிள்ளை இருந்தால் அந்த வேலையை அவரிடம் கொடுங்கள். கடந்த பில்லில் இருக்கும் எண்ணைக் கழித்தால் இதுவரை எத்தனை அலகு என்று தெரிந்துவிடும். 15 நாளில் 30ஐத் தாண்டியிருந்தால் மிச்ச நாட்களில் கவனம் வேண்டும்.

இவ்வளவு விளக்கம் எதற்கு என்றால், 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதமும் கூடியதை நாம் மறக்கவில்லை. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 4860 ரூபாய்க்குப் போனதும் நினைவிருக்கிறது. பிறகு கட்டணம் குறைந்ததும் உண்டு, ஏறியதும் உண்டு. இந்த ஏற்ற இறக்கம் நம் கையில் இல்லை. எல்லைக்குள் நிற்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. வாளிக்குள் போட்டுத் தண்ணீர் சூடாக்கும் கம்பி ஹீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. பல லயங்களில் வயரிங் பழையது, எர்த் கம்பி சரியாக இருக்குமென்று நம்ப முடியாது, ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீடுகளும் உண்டு. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, சுவிட்சை அணைக்காமல் வாளிக்குள் விரல் விட்டுச் சூடு பார்ப்பது உயிரோடு விளையாடுவது. ட்ரிப் சுவிட்சும் எர்த்தும் இருப்பதை ஒரு மின்னியலாளர் பார்த்துச் சொல்லாத வீட்டில் அதைப் பாவிக்கவேண்டாம். ஒரு வாளிக்கு அது 0.4 அலகு அளவு எடுக்கும் என்பதையும் சேர்த்து நினையுங்கள். நாளைக்கு இரண்டு வாளி என்றால் மாதம் 24 அலகு.

அடுப்பு எரிகிறபோதே

நம்மில் பெரும்பாலோருக்கு இன்னும் விறகடுப்புத்தான். மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கோ அதைவிடக் கொஞ்சம் கூடவோதான் பாத்திரத்துக்குப் போய்ச் சேர்கிறது. மிச்சம் சுவருக்கும் கூரைக்கும் போகிறது, புகையாக நம் நெஞ்சுக்கும் போகிறது. பச்சை விறகென்றால் அதன் எடையில் பாதியளவு தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஆவியாக்கிய பிறகுதான் நம் பானை சூடாகத் தொடங்கும்.

ஆகவே முதல் வேலை விறகைக் காயவைப்பது. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கொண்டுவரும் மிளாறானாலும், வாங்கிய இறப்பர் விறகானாலும், மே மாதம் தென்மேல் பருவமழை பிடிக்குமுன் கூரைக்கடியில் ஏறவேண்டும். தை, மாசி வெயிலில் அடுக்கிய விறகு மழை மாதங்களில் பாதி வேலையைக் குறைக்கும். பெரிய கட்டையைப் பிளந்து வைத்தால் சீக்கிரம் காயும்.

இரண்டாவது, அடுப்பு. 1980களிலிருந்து நம் நாட்டில் உருவாகிப் பரவிய அனகி அடுப்பை உங்களில் பலர் சந்தையில் பார்த்திருப்பீர்கள். களிமண்ணால் ஆனது, விறகு வைக்க ஒரு வாய், பானை வைக்க இரண்டு இடம். முன் பானையில் சோறு வேகும்போது, அந்த நெருப்பின் மிச்சச் சூடு பின்னால் போய் இரண்டாவது பானையைச் சூடாக்கும். அந்த இரண்டாவது இடத்தைச் சுடுதண்ணீருக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். தனியாக ஒரு விறகும் வைக்காமல் ஒரு பானை சூடான தண்ணீர் கிடைக்கும். அடுப்பைச் சுற்றி மண் பூசி வைத்தால் சூடு வெளியே போகாது, அடுப்பும் உடையாது. பானைக்கு மூடி கட்டாயம். மூடியில்லாத பானையில் ஏறுகிற ஆவியெல்லாம் நீங்கள் சுமந்த விறகுதான்.

மூன்றாவது, சூட்டைப் பிடித்துவைப்பது. இரவுச் சமையல் முடிந்ததும் அடுப்பு தணலாகக் கிடக்கும். அந்த நேரத்தில் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஃபிளாஸ்க்கை நிறைத்துவிட்டால் விடியற்காலைத் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டவேண்டியதில்லை. ஒரு பெரிய பானையைக் கொதிக்க வைத்து, மூடி, பழைய கம்பளியிலும் சாக்கிலும் நாலு சுற்றுச் சுற்றி, காகிதப் பெட்டிக்குள் வைக்கோலோ துணியோ அடைத்து இறக்கிவைத்தால், விடியும்போதும் முகம் கழுவவும் குழந்தையைத் துடைக்கவும் போதிய சூடு இருக்கும். அதைப் பிள்ளைகள் தட்டிவிடாத மூலையில் வையுங்கள். தணலைச் சட்டியில் எடுத்துக் கதவடைத்த காம்பராவுக்குள் மட்டும் வைக்கவேண்டாம். அதிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குகிறவரை அது எழுப்புவதில்லை.

நான்காவது, வெயில். மழையில்லாத மாதங்களில் கறுப்புப் பீப்பாய் ஒன்றைத் தண்ணீர் நிறைத்து, மூடி, வெயில் படும் இடத்தில் வைத்தால் பிற்பகலில் வெதுவெதுப்பான தண்ணீர் இனாமாகக் கிடைக்கும். மலையால் இறங்கி வந்தவுடன் அதில் குளித்துவிட்டால், காலைக் குளியலுக்கென்று தண்ணீர் சுடவைக்கும் தேவை பெருமளவு குறையும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள் காலையில்தான் குளிப்பார்கள், அது அவரவர் வழக்கம். நாம் சொல்வது மற்ற நாட்களை.

நேரசூசியும் ஆட்களும்

இதையெல்லாம் சேர்த்தால் நேரசூசி இப்படி வரும். மாலை ஐந்து மணிக்குள், மலையால் வந்தவர்களும் பாடசாலையால் வந்தவர்களும் வெயில் தண்ணீரில் குளிக்கிறார்கள். ஆறு மணிக்குச் சமையல், இரண்டாவது அடுப்பில் பாத்திரம் கழுவும் தண்ணீர். எட்டு மணிக்கு, அடுப்பு அணையுமுன் ஃபிளாஸ்க்கும் சுற்றிவைக்கும் பானையும் நிறைகின்றன. காலையில் தேத்தண்ணி ஃபிளாஸ்க்கிலிருந்து, முகம் கழுவச் சுற்றிவைத்த பானையிலிருந்து. அடுப்பு மூட்டுவது ரொட்டிக்கும் பகல் சாப்பாட்டுக்கும் மட்டும். பெரிய பானை கொதிக்கக் காத்திருந்த அரை மணி நேரத்துக்கு மேல் மிஞ்சுகிறது.

மழைக்காலத்துக்கும், பிள்ளை பெற்ற தாய் இருக்கும் வீட்டுக்கும், மூச்சிழுப்பு உள்ள வயதானவர் இருக்கும் வீட்டுக்கும் இது அப்படியே பொருந்தாது. அவர்களுக்குத் தேவையான சுடுதண்ணீர் தேவையான நேரத்தில் இருக்கவேண்டும். மற்றவர்கள் மிச்சம் பிடிப்பது அதற்காகவும்தான்.

இனி ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டு மணிக்கு ஃபிளாஸ்க் நிறைப்பது யார்? மிளாறு பிளப்பது யார்? பீப்பாய்க்குத் தண்ணீர் சுமப்பது யார்? இந்த நேரசூசி முழுவதும் ஒரே பெயர்தான் எழுதப்பட்டால் காலை வேலை இரவுக்கு மாறியதே தவிர குறையவில்லை. பதினைந்து லீற்றர் வாளி பதினைந்து கிலோ. ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரு பெயர் எழுதுங்கள். அண்ணன், தம்பி, அப்பா, தாத்தா பெயரும் அதில் வரவேண்டும். முதல் பாடவேளையில் வாங்கில் தலைவைத்துத் தூங்கும் பெண்பிள்ளைகளை ஆசிரியர்கள் நாளாந்தம் பார்க்கிறார்கள். நான்கு மணிக்கு அம்மாவோடு எழுந்த பிள்ளைகள் அவர்கள்.

கேட்டு வாங்கவேண்டியது

சிக்கனமாக இருங்கள் என்று தொழிலாளிக்குச் சொல்வது எளிது. துரைமாரும் அதைத்தான் சொல்வார்கள். 2024 செப்டெம்பரில் 1350 ரூபாயாக வர்த்தமானியில் வந்த நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்தியவருக்குச் சிக்கனத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆகவே வீட்டில் செய்வதோடு இது முடியாது. தோட்டக் கமிட்டிகள் எடுத்துப் பேசவேண்டியவை:

ஒன்று, தனித்தனி மீட்டர். இரண்டு குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருக்கும் இடத்தில், இரண்டு வீடும் தலா 35 அலகுதான் பாவித்தாலும் மீட்டரில் 70 காட்டும். இரண்டும் 60க்கு உட்பட்ட ஏழை வீடுகள், ஆனால் கட்டணம் மேல் பட்டியலில். அப்படிப்பட்ட வீடுகளின் விபரத்தைத் தலைவர்கள் லயம் லயமாக எடுத்துக் கிளைக் காரியாலயத்துக்குத் தரவேண்டும்.

இரண்டு, விறகு. கவ்வாத்து மிளாறையும் வெட்டி விழுத்தும் நிழல்மரக் கிளைகளையும் தொழிலாளர் குடும்பங்களுக்கு முதலில் தரும் வழக்கம் எல்லாத் தோட்டத்திலும் இருக்கவேண்டும். அது மழை தொடங்குமுன் கிடைக்கவேண்டும்.

மூன்று, புகைக்கூண்டும் கூரையும். புகை வெளியே போகாத குசினியில் வேகிற சோற்றோடு பெண்களின் நுரையீரலும் வேகிறது. லயத் திருத்தம் நடக்கும்போது கூரைத் தகட்டோடு புகைக்கூண்டும் சேரவேண்டும் என்று நிர்வாகத்திடமும், ட்ரஸ்ட் என்று நாம் அழைக்கும் பெருந்தோட்ட மனித அபிவிருத்தி நிதியத்திடமும் கேட்கவேண்டும்.

நான்கு, மின்கட்டணம். கட்டணம் மாற்றப்படும் ஒவ்வொரு முறையும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. அங்கே தொழிற்சாலைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் போய்ப் பேசுகிறார்கள். 60 அலகு எல்லையால் ஒரு லயத்து வீடு எப்படி அடிபடுகிறது என்பதை நம் பில்களோடு போய்ச் சொல்ல நமக்கும் உரிமை உண்டு. அதற்காகத்தான் பழைய பில்களை எறியவேண்டாம் என்கிறோம். மூன்று மாதப் பில் உள்ளவர்கள் பிரதியைத் தலைவியிடம் கொடுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் மாதர் பிரிவு இதை முதல் விடயமாக எடுக்கும். ஃபிளாஸ்க்கும் அனகி அடுப்பும் சேர்ந்து வாங்கச் சீட்டுப் பிடிக்கலாமா என்றும் அங்கே பேசலாம். கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டு நேரசூசியை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். பெயர்களோடு எழுதுங்கள். ஆண் தோழர்களும் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.